நீங்கள் இல்லாத நாளில் வேலை நடக்கிறதா?

கேள்வியைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒன்பது பேரை வைத்துச் சொந்தத் தொழில் நடத்துகிறீர்கள். சம்பளத்தில் குறை வைப்பதில்லை, லீவு கேட்டால் கொடுக்கிறீர்கள், யாரையும் கடிந்து பேசுகிற ஆளும் இல்லை. இருந்தாலும் நீங்கள் நின்றால் வேலை ஓடுகிறது, நகர்ந்தால் படுத்துவிடுகிறது. சொன்னதை மட்டும் செய்கிறார்கள், அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைப்பதில்லை. இவர்களை எப்படி ஊக்கப்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 19 வருடம் ஓர் அச்சகம் நடத்தியவன். ஐந்து பேரில் தொடங்கி ஒரு கட்டத்தில் பதினாலு பேர் வரை இருந்தார்கள். முதல் ஆறேழு வருடம் இதே கேள்வியைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன், பதிலைத் தப்பான இடத்தில் தேடிக்கொண்டும் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஊக்கம் இல்லாத ஆளை நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் துடிப்பாகத்தான் வருகிறார்கள், பத்து நிமிடம் முன்னாலேயே வந்து நிற்கிறார்கள், அது ஏன் இது ஏன் என்று கேட்கிறார்கள். ஆறு மாதத்தில் அதெல்லாம் வடிந்துவிடுகிறது என்றால் நடுவில் யாரோ வடித்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? பெரிய கம்பெனி என்றால் மேனேஜர், எச்.ஆர்., தலைமை அலுவலகம் என்று பழி போட நாலு பேர் உண்டு. ஒன்பது பேர் வேலை செய்கிற இடத்தில் நம்மை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

ஆகவே ஊக்கம் ஊட்டுவதைப் பிறகு பார்க்கலாம், முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்.

சம்பளத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் "குறை வைப்பதில்லை" என்று நீங்கள் எழுதியதைப் போலவே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம்கூடச் சம்பளம் நின்றதில்லை, உண்மைதான். ஆனால் பார்ட்டியிடமிருந்து (அச்சு வேலை கொடுக்கிற வாடிக்கையாளரை அப்படித்தான் சொல்வோம்) பணம் வந்தால் ஒன்றாம் தேதி, வராவிட்டால் நான்காம் தேதி, இழுத்தால் ஒன்பதாம் தேதி. எனக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. வாங்குகிறவருக்கு வீட்டு வாடகை ஐந்தாம் தேதி, கடன் தவணை ஏழாம் தேதி. பைண்டிங்கில் இருந்த ஒருவர் ஒரு நாள் மேஜை அருகில் வந்து, "சார், லேட்டானா பரவால்ல, எந்தத் தேதின்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் உறைத்தது. அன்றிலிருந்து ஒரு மாதச் சம்பளத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவைக்கப் பழகினேன். அதைச் சேர்க்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதற்குப் பிறகு தேதி தவறவே இல்லை. இதனால் யாரும் துள்ளிக் குதித்து வேலை செய்யவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மாதக் கடைசியில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவது நின்றது, அவ்வளவுதான்.

இந்த "அவ்வளவுதான்" முக்கியம். ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950-களின் கடைசியில் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 இன்ஜினியர்களிடமும் கணக்காளர்களிடமும், வேலையில் எப்போது மனம் நிறைந்திருந்தது, எப்போது வெறுத்துப்போனது என்று கேட்டு எழுதிக்கொண்டார். நிறைவுக்குச் சொல்கிற காரணம் இல்லாமல் போனால் வெறுப்பு வரும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி வரவில்லை. வெறுப்புக்குப் பெரும்பாலும் அவர்கள் சொன்னது நிர்வாகத்தின் நடைமுறைகள், மேலே இருப்பவர் நடத்துகிற விதம், சம்பளம், வேலை செய்யும் சூழல். நிறைவுக்குச் சொன்னது ஒன்றைச் செய்து முடித்தது, அதை ஒருவர் கவனித்துச் சொன்னது, வேலையில் இருந்த ருசி, கையில் கொடுக்கப்பட்ட பொறுப்பு. அவருடைய முறையைக் குறை சொன்னவர்களும் உண்டு (நல்லது நடந்தால் நான் செய்தேன் என்பதும் கெட்டது நடந்தால் முதலாளி தலையில் போடுவதும் மனித இயல்புதானே). ஆனாலும் ஒரு முதலாளிக்கு இந்தப் பிரிவு ரொம்பப் பயன்படும். நீங்கள் எழுதிய மூன்றும், அதாவது சம்பளம், லீவு, கடிந்து பேசாதது, வெறுப்புக்கான அந்த முதல் பட்டியலுக்குள்தான் வருகின்றன. அவை இல்லாவிட்டால் ஆட்கள் போய்விடுவார்கள். இருப்பதால் மட்டும் ஓர் அடி கூடுதலாக வைக்கமாட்டார்கள்.

சம்பளம் முக்கியமில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹென்றி ஃபோர்டு 1914 ஜனவரியில் நாள் கூலியை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி 5 டாலர் என்று அறிவித்ததைப் பெரிய மனசு என்று சொல்வார்கள். அதற்கு முந்தின வருடக் கணக்கைப் பார்த்தால் வேறு கதை. சுமார் 14,000 பேர் வேலை செய்யும் ஆலையில் அந்த எண்ணிக்கையைத் தக்கவைக்க ஒரே வருடத்தில் 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. வருகிறவனுக்குக் கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள் அவன் போய்விடுகிறான் என்றால் கூலியை உயர்த்துவதுதான் சிக்கனம். நம்மைப் போன்றவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஒன்பதில் ஒருவர் போனால் தொழிலில் ஒன்பதில் ஒரு பங்கு அறிவு அவரோடு போகிறது. (அதே ஃபோர்டு அந்தக் கூலியின் ஒரு பகுதிக்கு நிபந்தனை போட்டு, தொழிலாளி குடிக்கிறானா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறானா என்று பார்க்க ஆள் அனுப்பினார். சம்பளம் கொடுக்கிறோம் என்பதற்காக அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற வியாதி இன்னும் நிறைய முதலாளிகளிடம் இருக்கிறது.)

சரி, உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். "நான் நின்றால் ஓடுகிறது, நகர்ந்தால் படுத்துவிடுகிறது."

என்னிடம் ஒரு மெஷின்மேன், அதாவது அச்சு இயந்திரத்தை ஓட்டுகிறவர், இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அச்சகம் தொடங்குவதற்கு முன்பே இந்தத் தொழிலில் இருந்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் நாலு கலர் வேலை ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் போனவன் ஒரு தாளை உருவி, லென்ஸ் வைத்துப் பார்த்து, மெஜந்தா (நாலு மையில் ஒன்றான கருஞ்சிவப்பு) தூக்கலாக இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே, கைநீட்டி மையின் அளவைக் கூட்டிக் குறைக்கிற சாவியை நானே இரண்டு திருகு திருகிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். அந்த இரண்டடியை நான் அன்றைக்குக் கவனித்தேன், ஆனால் அதற்கு அர்த்தம் புரிய ஒரு வருடம் ஆனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வேலையிலும் முதல் தாளை என் மேஜைக்குக் கொண்டுவந்து நீட்ட ஆரம்பித்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு, என்னைக் கேட்காமல் எங்கள் இடத்தில் ஒரு தாள் நகராது என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் வெளியே ஒரு பார்ட்டியிடம் மாட்டிக்கொண்டேன், போனும் எடுக்க முடியவில்லை. திரும்பி வந்தால் மெஷின் நாலு மணி நேரமாக நிற்கிறது. கத்தினேன். அவர் அமைதியாக, "நீங்க வந்து மாத்தத்தானே போறீங்க சார், எதுக்கு ரெண்டு தடவை தாளை வீணாக்கணும்னு நிறுத்திட்டேன்" என்றார்.

கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே எனக்குத் தாள் மிச்சம் பிடித்துக் கொடுப்பதாகத்தான் நினைத்திருந்தார். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆளை, சொன்னால் மட்டும் எள் எடுத்துக் கொடுக்கிற ஆளாக நான்தான் மாற்றியிருந்தேன், ஒரு சாவியை இரண்டு திருகு திருகி.

அப்புறம் என்ன செய்தோம் என்றால், இருவரும் உட்கார்ந்து எல்லைக்கோடு போட்டோம். பார்ட்டி சரி என்று கையெழுத்துப் போட்ட புரூஃப், அதாவது மாதிரித் தாள், மெஷின் பக்கத்தில் தொங்கும், அதற்கு ஒத்துவருகிறதா என்று முடிவு செய்வது அவர் வேலை. இத்தனை தாள் வரை வேஸ்டேஜ் போனால் என்னிடம் சொல்லக்கூட வேண்டாம், அதைத் தாண்டினால் மட்டும் சொல்ல வேண்டும். புரூஃபிலேயே சந்தேகம் என்றால் பார்ட்டிக்கு அவரே போன் போடலாம். முதல் மாதம் வேஸ்டேஜ் கூடியது. இங்கேதான் பெரும்பாலான முதலாளிகள் "பார்த்தியா, விட்டால் இப்படித்தான்" என்று திரும்பக் கை வைத்துவிடுகிறார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், மெஷின் பக்கம் போகும்போது இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வேன், நிஜமாகவே. மூன்றாவது மாதம் நான் நின்று பார்த்த காலத்தைவிடக் குறைவாக வந்தது.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். பொறுப்பைக் கொடுத்தேன் என்று வாயால் சொல்வது போதாது, தப்பு நடந்தால் எவ்வளவு வரைக்கும் நஷ்டம் என்னுடையது என்று முன்கூட்டியே சொன்னால்தான் அது பொறுப்பு, இல்லாவிட்டால் கண்ணி. இரண்டாவது, என்ன வர வேண்டும் என்பதைச் சொல்லுங்கள், எப்படி என்பதை அவரிடம் விடுங்கள். அந்த "என்ன" தெளிவாக இருக்க வேண்டும். "முடிந்தவரை சீக்கிரம் முடி" என்பது இலக்கே இல்லை. எட்வின் லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களிலிருந்து செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது இதுதான்: "உன்னால் ஆனதைச் செய்" என்று விடப்பட்டவர்களைவிட, சற்றுக் கடினமான, ஆனால் துல்லியமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். வியாழக்கிழமை மாலைக்குள் 3,000 பிரதி, மடித்துக் கட்டி, என்றால் ஆளுக்கு வேலை புரிகிறது, பாதி வழியில் தன்னைத் தானே அளந்துகொள்ளவும் முடிகிறது.

தாமதமாக வருகிறவர்களுக்கு அபராதம் போடலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இஸ்ரேலின் ஹைஃபாவில் சில குழந்தைகள் காப்பகங்களில், குழந்தையை நேரம் கழித்து அழைத்துப்போகிற பெற்றோருக்குச் சிறிய அபராதம் போட்டுப் பார்த்தார்கள், 2000-இல் வெளியான ஆய்வு. தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை ஆசிரியையைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம் இருந்தது, அபராதம் வந்ததும் அது ஒரு கட்டணமாகிவிட்டது, கொடுத்தால் கணக்கு தீர்ந்தது. அபராதத்தை எடுத்த பிறகும் கூச்சம் திரும்பி வரவில்லை. பெற்றோரும் ஊழியரும் ஒன்றில்லைதான், ஆனாலும் நானும் ஒரு காலத்தில் அரை மணி தாமதத்துக்கு அரை நாள் என்று பிடித்துப் பார்த்தவன். அரை மணி தாமதமாகிறவன், எப்படியும் அரை நாள் போயிற்று என்று மதியம்தான் வந்தான்.

தாமதத்துக்குத் தனியாகக் கூப்பிட்டுக் காரணம் கேளுங்கள். பாதிப் பேருக்கு நேரத்தை அரை மணி தள்ளிப்போட்டாலே தீர்ந்துவிடும். சின்னத் தொழிலின் பெரிய வசதியே இதுதான், யாரையும் கேட்காமல் இன்றைக்கே மாற்றலாம்.

அடுத்தது தப்பு நடக்கிறபோது உங்கள் முகம். கடிந்து பேசுவதில்லை என்கிறீர்கள், சரி. முகம் மாறுகிறதா? இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பீர்களா? ஒன்பது பேர் இருக்கிற இடத்தில் முதலாளியின் முகம்தான் வானிலை அறிக்கை, காலையில் வண்டியை நிறுத்துகிற சத்தத்திலேயே இன்றைக்கு எப்படி என்று கணித்துவிடுவார்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளைப் பார்த்தார். நல்ல தலைமை, நல்ல ஒற்றுமை இருக்கிற பிரிவுகளில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. அங்கே சொல்கிறார்கள், மற்ற இடங்களில் மறைக்கிறார்கள் என்பதுதான் அவர் கடைசியில் வந்த விளக்கம். எங்கள் அச்சகத்தில் தப்பு நடப்பதே இல்லை என்று நான் நினைத்திருந்த அந்த வருடங்களில், தப்பான தாள்களைப் பண்டலின் நடுவில் சொருகி அனுப்பியிருக்கிறார்கள். பார்ட்டி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு, தப்பைத் தானாக வந்து சொல்கிறவரிடம் முதல் வாக்கியமாக "நல்ல வேளை இப்பவே சொன்னீங்க" என்று சொல்லப் பழகினேன். முதலில் நடிப்பாகத்தான் இருந்தது, உள்ளே கொதிக்கும். போகப்போக நிஜமாகவே அப்படித் தோன்ற ஆரம்பித்தது, ஏனென்றால் நிஜமாகவே அது நல்ல வேளைதான்.

பாராட்டைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாருக்கும் "சூப்பர்" சொல்வது யாருக்கும் ஒன்றும் சொல்லாததற்குச் சமம். என்ன செய்தார் என்பதைச் சொல்லுங்கள், அன்றைக்கே சொல்லுங்கள், முடிந்தால் அந்த வேலையின் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். "இந்த மூலை மடிப்பு ஒன்றுகூடப் பிசிறவில்லையே" என்பது போதும். மாதத்தின் சிறந்த ஊழியர் விருதெல்லாம் வேண்டாம், ஒன்பது பேர் இருக்கிற இடத்தில் பத்தாவது மாதம் யாருக்குக் கொடுப்பீர்கள்? அதேபோல் "நாம் எல்லாரும் ஒரே குடும்பம்" என்று பேசாதீர்கள். நீங்கள் மனசார சொல்வீர்கள், அவர்கள் காதில் "இன்று ராத்திரி கூலி இல்லாமல் இருந்துவிட்டுப் போ" என்று விழும். அதிலும் நிஜமான சொந்தக்காரர் ஒருவரை வேலைக்கு வைத்து அவர் மட்டும் பத்தரைக்கு வந்தால், மற்ற எட்டுப் பேர் எந்தக் குடும்பம் என்று கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

நிஜமாகவே ஊக்கம் தருவது எது என்று கேட்டால், அன்றைய வேலை தடங்கல் இல்லாமல் நகர்வது. இதைச் சொன்னால் சப்பென்று இருக்கும். தெரேசா அமபிலி என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஏழு நிறுவனங்களில் 238 பேரிடம் தினமும் குறிப்பு எழுதச் சொல்லி, கிட்டத்தட்ட 12,000 குறிப்புகளைப் படித்துப் பார்த்தார்கள். மனம் நன்றாக இருந்த நாட்களில் அதிகம் காணப்பட்டது, தனக்குப் பொருளுள்ள ஒரு வேலையில் கொஞ்சமாவது முன்னேறியிருப்பது. இதைத் திருப்பிப் பாருங்கள். கட்டிங் மெஷின் பிளேடு மழுங்கி இரண்டு வாரமாகிறது, சாணை பிடிக்க அனுப்ப எனக்கு நேரமில்லை, வெட்டுகிற பையன் தினமும் ஓரம் பிசிறுவதைப் பார்த்துக்கொண்டே வெட்டுகிறான். அவனுக்கு நான் என்ன ஊக்க உரை ஆற்றினாலும் பிளேடு மழுங்கித்தானே இருக்கிறது? வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் நின்று, உன் வேலைக்கு எது இடைஞ்சலாக இருக்கிறது என்று கேளுங்கள். முதல் மூன்று வாரம் "ஒண்ணுமில்ல சார்" என்பார்கள். நாலாவது வாரம் யாராவது ஒரு சின்ன விஷயம் சொல்வார். அதை மறுநாளே சரிசெய்யுங்கள், அது லைட்டாக இருந்தாலும் ஸ்டூலாக இருந்தாலும். அப்புறம் பாருங்கள், பட்டியல் கொட்டும்.

பதவி உயர்வு கொடுக்க நம்மிடம் ஏணி இல்லை, உண்மை. கொடுக்கக்கூடியது தொழில். எஸ்டிமேட் போடக் கற்றுக்கொடுங்கள், பார்ட்டியிடம் அழைத்துப்போங்கள், ஒரு வேலையில் காகிதம் எவ்வளவு, கூலி எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று திறந்து காட்டுங்கள். முதலாளி மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகிறார் என்ற எண்ணம், நிஜ லாபம் எவ்வளவு என்று பார்த்ததும் பெரும்பாலும் போய்விடும் (பரிதாபம்கூட வரும்). கற்றுக்கொண்டு தனியாகப் போய்விடுவார்களே என்றால், போவார்கள். என்னிடமிருந்து இரண்டு பேர் போனார்கள். அதில் ஒருவர் தன்னால் முடிக்க முடியாத வேலைகளை எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இன்னொருவர் என் பார்ட்டி இரண்டை இழுத்துக்கொண்டு போனார். கற்றுக்கொடுக்காமல் வைத்திருந்தால் இருவரும் இருந்திருப்பார்கள், கழுத்தறுப்பாக.

ஒரு விஷயத்தில் மட்டும் என்னைப் பின்பற்றாதீர்கள். கையும் வாயும் சரியில்லாத ஒருவரை, வேலை தெரிந்தவர் என்பதற்காக இரண்டு வருடம் வைத்திருந்தேன். மற்றவர்களை மட்டம் தட்டுவார், பழியைத் தள்ளிவிடுவார். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது மற்றவர்களுக்கும் தெரியும். கடைசியில் அவர் போகவில்லை, பைண்டிங்கை முழுக்கத் தாங்கிக்கொண்டிருந்த பெண் போனார். கணக்கு முடிக்கும்போது காரணம் கேட்டேன். "நீங்க எப்ப அவர்கிட்ட பேசுவீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன் சார்" என்றார். எல்லாரையும் அவரவர்க்கு ஏற்றபடி நடத்தலாம், ஆனால் ஒருவரால் மற்ற எட்டுப் பேர் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால், அந்த எட்டுப் பேரும் உங்களைப் பற்றித்தான் முடிவெடுப்பார்கள்.

இப்போது எங்கே தொடங்குவது என்றால், அடுத்த வாரம் இரண்டு நாள் வேலைக்குப் போகாதீர்கள். வீட்டில் இருங்கள், போனைப் பக்கத்தில் வையுங்கள், ஒரு நோட்டு எடுத்து ஒவ்வொரு அழைப்பும் எதற்கு வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். யார் என்ன கேட்டாலும் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்டு, அவர் சொல்வது பாதியாவது சரியாக இருந்தால் "அப்படியே செய்ங்க" என்று வைத்துவிடுங்கள். இரண்டாம் நாள் மாலை அந்த நோட்டில் இருப்பதுதான் நீங்கள் இன்னும் கையிலிருந்து விடாத முடிவுகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லைக்கோடு போட்டு யாருக்காவது கொடுங்கள். நான் முதல் தடவை செய்தபோது 23 அழைப்புகள் வந்தன. அதில் உண்மையிலேயே நான் முடிவு செய்ய வேண்டியிருந்தவை மூன்று, அந்த மூன்றில் ஒன்று வீட்டுக்காரி, பக்கத்து அறையிலிருந்து.